காரை விற்றுவிட்டுச் சென்னையில் குடும்பம் நடத்த: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

நாங்கள் காரை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் நான், கணவர், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், 68 வயது மாமியார் என நான்கு பேர். இன்றைக்கு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஆனால் முதல் ஆறு மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதில் முக்கால்வாசி, வேலைகளை முன்னே பின்னே மாற்றிச் செய்ததால் வந்த பாடு. நாங்கள் முதலில் காரை விற்றோம், அப்புறம் மேடவாக்கத்திலிருந்து நங்கநல்லூருக்கு வீடு மாறினோம், அதற்கும் அப்புறம்தான் பாஸ், அட்டை, தெரிந்த ஆட்டோக்காரர் என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். தலைகீழான வரிசை. அதைத் திருப்பிப் போட்டு, எந்த வரிசையில் செய்திருந்தால் சிரமமில்லாமல் இருந்திருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

இரண்டு சக்கர வண்டியையும் சேர்த்தே விற்றவர்களுக்கும், ஊரிலிருந்து புதிதாகச் சென்னைக்கு வந்து "கார் வாங்கலாமா" என்று யோசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். வாங்காதவர்கள் மூன்றாவது பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. விற்பதற்கு முன் ஒரு மாதம் சாவியைப் பூட்டி வையுங்கள்

காரை விற்காதீர்கள். சாவியை மட்டும் பீரோவில் வைத்துவிட்டு ஒரு முழு மாதம் கார் இல்லாததுபோல இருந்து பாருங்கள். மே மாதத்தில் இதைச் செய்ய வேண்டாம். பள்ளி விடுமுறை, பாதிப் பேர் ஊரில், எல்லாம் சுலபமாகத் தெரியும். பள்ளிக்கூடமும் மழையும் சேர்ந்து இருக்கிற மாதம்தான் சரியான சோதனை, அதாவது அக்டோபர் இல்லையென்றால் நவம்பர்.

ஒரு நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: எங்கே போனோம், எத்தனை மணிக்கு, எதில் போனோம், எவ்வளவு ஆச்சு. மாதக் கடைசியில் அதைப் பார்த்தால் அலுவலகப் பயணம் பிரச்சினையே இல்லை என்று தெரியும், அது தினமும் ஒரே வழி, பத்து நாளில் பழகிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். இரவு எட்டரைக்கு டாக்டர் வீடு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், முழங்கால் வலியோடு மாமியாரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது என்று ஏழெட்டுப் பயணம்தான் உங்களை உலுக்கும். அந்த ஏழெட்டுக்கும் வழி கண்டுபிடித்த பிறகு விற்பனையைப் பற்றிப் பேசுங்கள். வழி கிடைக்கவில்லை என்றால் இப்போதைக்கு விற்காதீர்கள், அதில் தப்பே இல்லை.

கணக்கையும் அந்த மாதமே போட்டுவிடுங்கள். எங்கள் காரின் கடன் எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் பெட்ரோல் மாதம் 6,000, குடியிருப்பில் நிறுத்துமிடத்துக்கு 1,500, காப்பீடும் சர்வீஸும் சேர்த்து வருடத்துக்கு 26,000. மாதக் கணக்கில் 9,700 ரூபாய் பக்கம் வந்தது. இப்போது பாஸ், மெட்ரோ, ஆட்டோ, எப்போதாவது வாடகைக் கார் எல்லாம் சேர்த்து 6,500-ஐத் தாண்டுவதில்லை. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் ஒன்று: ஆட்டோவுக்கு ஒரு தொகையை மனசார ஒதுக்கிவிடுங்கள். "காரைத்தான் விற்றாயிற்றே, ஆட்டோவுக்கும் செலவு செய்வதா" என்று சிக்கனம் பிடித்த முதல் இரண்டு மாதம்தான் எங்கள் வீட்டில் அதிகச் சண்டை.

2. வீடு: வரைபடத்தை நம்பாதீர்கள், நடந்து பாருங்கள்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய முடிவு. வீடு சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலை.

நான் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு நிலையத்துக்குப் பக்கத்து வீட்டை அல்ல, இரண்டு விதமான வண்டி கிடைக்கும் இடத்தை. மின்சார ரயில் நின்றுபோனால் மெட்ரோ, மெட்ரோவுக்கு நடக்க முடியாத நாளில் பஸ் என்று ஒரு மாற்று இருக்க வேண்டும். கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல் ஆகிய இடங்களில் மின்சார ரயிலும் மெட்ரோவும் சேர்ந்தே இருக்கின்றன. ஆலந்தூரில் மெட்ரோவின் நீலத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கின்றன. இந்த இடங்களைச் சுற்றி வாடகை கூடுதல்தான். அதனால் ஓரிரு நிலையம் தள்ளித் தேடுங்கள். நாங்கள் நங்கநல்லூரைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான், ஒரு பக்கம் பழவந்தாங்கல் மின்சார ரயில், இன்னொரு பக்கம் நங்கநல்லூர் சாலை மெட்ரோ. கணவர் ஆலந்தூரில் தடம் மாறி, திருமங்கலத்தில் இறங்கி, பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட் போகிறார். வரைபடத்தில் பார்த்தால் தலை சுற்றும். போய்ப் பழகினால் ஒன்றுமில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வேலைநாள் ஒன்றில் மாலை ஏழு மணிக்கு நிலையத்தில் இறங்கி அந்த வீடு வரை நடந்து பாருங்கள். கைபேசி 600 மீட்டர் என்று காட்டும். அந்த 600 மீட்டரில் நடைபாதை உண்டா, தெருவிளக்கு எரிகிறதா, தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக வர வேண்டுமா, மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தெருவை மறித்திருக்கிறார்களா என்பதெல்லாம் காலால் நடந்தால்தான் தெரியும். பெண்கள் தனியாக ஒருமுறை நடந்து பார்ப்பது ரொம்ப முக்கியம். பார்த்தவுடன் பிடித்துப்போன ஒரு வீட்டை நான் வேண்டாம் என்று சொன்னது இந்த நடைக்குப் பிறகுதான்.

வீட்டுக்காரரிடம் "எங்களுக்குக் கார் இல்லை, நிறுத்துமிடம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். எங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் குறைத்தார்கள். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்திலும் அதை ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. கார் விற்பது: பணம் வந்துவிட்டால் விற்றதாக அர்த்தமில்லை

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், நாங்கள் அதிகமாக அடிபட்டது இங்கேதான். பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் கொடுத்தோம். அன்றைக்கே பணம் வந்தது. "பெயர் மாற்றத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மேடம்" என்றார்கள். ஐந்து மாதம் கழித்துக் கணவரின் கைபேசிக்கு அபராதச் செய்தி வந்தது, கார் எங்கேயோ சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருந்தது. பதிவேட்டில் பெயர் இன்னும் கணவருடையது. அதைச் சரிசெய்ய ஏழு வாரம் அலைந்தோம்.

அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தால்தான் ஆபத்து. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். ஆகவே இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கடன். வங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால், கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுப் புத்தகத்தில்) வங்கியின் பெயர் இருந்துகொண்டே இருக்கும். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். அந்தச் சான்று பெரும்பாலும் மூன்று மாதம்தான் செல்லும், அதனால் விற்கப் போகிற நேரத்தில் வாங்குங்கள். நாங்கள் கடன் முடிந்த நாளில் வாங்கிய சான்றை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து கொண்டுபோய்க் கொடுத்தோம், செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் மத்திய அரசின் வாகனச் சேவை இணையதளமான பரிவாஹன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணுக்கு அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். அதே இடத்தில் உங்கள் இப்போதைய கைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண் இருந்தால் ஓ.டி.பி. அங்கே போகும், எந்த விண்ணப்பமும் நகராது.

விற்பனைக்கு வேண்டிய தாள்கள் இவை: ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்றம் கேட்கும் படிவம் 30, இரு தரப்பின் ஆதார், பான் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். வாங்குபவர் வேறு ஆர்.டி.ஓ. எல்லையைச் சேர்ந்தவர் என்றால் உங்கள் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றுக்காகப் படிவம் 28-ம் வேண்டியிருக்கும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும், வண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். மத்திய விதிப்படி காரின் பெயர் மாற்றத்துக்கு 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, மாநிலச் சேவைக் கட்டணம் அது தனி. வழக்கமாக வாங்குபவர் கொடுப்பார். தரகர் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று ரசீதோடு கேளுங்கள்.

எக்காரணம் கொண்டும் எதுவும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகு போடுங்கள், போட்டதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களை மாட்டிவிட்டது இதுதான். வெறும் படிவத்தில் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்.

வியாபாரியிடம் கொடுப்பதாக இருந்தால் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி உங்களுக்குக் கைகொடுக்கும். பதிவு பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தகவல் பதிய வேண்டும், பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அந்த வியாபாரி. ஆகவே பேரம் பேசுவதற்கு முன் "பதிவுச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா" என்று கேளுங்கள். இல்லை என்றால் கொஞ்சம் விலை குறைந்தாலும் நேரடியாக வாங்குபவருக்கு விற்பதே மேல். நேரடி விற்பனையில் ஒரு சின்னத் தொகையைப் பெயர் மாறிய பிறகு வாங்கிக்கொள்வதாக அல்ல, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்ற விண்ணப்ப எண்ணைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுப்பதாகப் பேசுங்கள். சாவி கொடுக்கும் நாள், நேரம், கிலோமீட்டர் அளவு எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சீட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். எங்களைக் கடைசியில் காப்பாற்றியது அந்தச் சீட்டுதான்.

சாவி கொடுத்த அன்றே ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லி, கொடுத்த வங்கியிடம் பதிவு செய்துவிடுங்கள். கண்ணாடியிலிருந்து கிழித்தால் மட்டும் போதாது, கணக்கை மூட வேண்டும். மீதிப் பணமும் வைப்புத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். காப்பீட்டில் 'உரிமை கோராப் போனஸ்' உங்களுடையது, காரோடு போகாது. ஐந்து வருடம் எந்த இழப்பீடும் கேட்காதவர்களுக்கு அது 50 சதவீதம் வரை இருக்கும். பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் காட்டி அதற்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கி வையுங்கள், மூன்று வருடம் செல்லும். மனம் மாறி மறுபடி கார் வாங்கினால் முதல் வருடப் பிரீமியத்தில் நல்ல தொகை மிச்சமாகும்.

சாவி கொடுத்த 30-ஆம் நாள் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் இன்னும் இருந்தால், ஒப்படைப்புச் சீட்டு, படிவம் 29 நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யாமல் விட்ட நாள் அது.

4. பாஸ், அட்டை, சீசன்: யாருக்கு எது

எல்லாருக்கும் எல்லாமும் வேண்டாம். நோட்டில் எழுதினீர்களே, அதைப் பார்த்து ஆளுக்கு ஏற்றபடி எடுங்கள்.

தினமும் பஸ் ஏறும் ஆண்களுக்கு மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ்தான் சரி. குளிர்சாதனப் பேருந்து தவிர எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். குளிர்சாதனத்தையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பாஸ் 2025-ல் வந்தது. புதியவர்கள் ஏமாறும் இடம் தேதிதான்: கவுன்டரில் தருகிற 1,000 ரூபாய்ப் பாஸ் 16-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15 வரை செல்லும், விற்பனை 7 முதல் 22 வரை. சம்பளம் வந்ததும் ஒன்றாம் தேதி போய் நின்றால் கிடைக்காது. முதல் முறை போகும்போது படமும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. முன்னாலும் பின்னாலும் இளஞ்சிவப்பு அடித்த வண்டிகள். ஒரே தட எண்ணில் சாதாரண வண்டியும் வரும், டீலக்ஸும் வரும். எண்ணை மட்டும் பார்த்து ஓடி ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநரிடம் பூஜ்யக் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தட எண்ணோடு 'கட்' என்று எழுதியிருந்தால் கடைசி வரை போகாது, பாதியில் திரும்பும். இது தெரியாமல் நான் முதல் வாரம் இரண்டு முறை நடுவழியில் இறங்கினேன்.

மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவாகச் சிங்காரச் சென்னை அட்டை இருக்கிறது. மெட்ரோவில் 2023-லும் மாநகரப் பேருந்தில் 2025 ஜனவரியிலும் வந்தது. கைபேசியும் அடையாள எண்ணும் இருந்தால் மெட்ரோ நிலையக் கவுன்டரிலேயே தருகிறார்கள். இதில் இரண்டு எச்சரிக்கை. இணையத்தில் பணம் போட்டால் அது உடனே அட்டைக்குள் போய்விடாது. நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் ஒருமுறை வைத்துப் புதுப்பிக்க வேண்டும். தெரியாதவர்கள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் வாயில்கதவு திறக்காமல் நின்று தவிக்கிறார்கள். அடுத்தது, தட்டும்போது பின் எண் கேட்காது, தொலைந்தால் எடுத்தவர் செலவழிக்கலாம். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் அதில் வைக்காதீர்கள்.

மெட்ரோவில் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 வரை. அட்டையிலோ க்யூ.ஆர். டிக்கெட்டிலோ 20 சதவீதம் தள்ளுபடி, ஆக அதிகபட்சம் 40. வாட்ஸாப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம். எப்போதாவது போகிறவர்களுக்கு அது போதும், அட்டையே வேண்டாம்.

மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும்தான் இந்த ஊரில் இருப்பதிலேயே மலிவு, குறைந்தபட்சம் 5 ரூபாய். வாரத்தில் நான்கு நாளாவது போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான், ஒரு வருடத்துக்கு 10.8 மாதம். நான் முதலில் ஒரு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மூன்று மாதமாக மாற்றினேன். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் வந்த குளிர்சாதன மின்சார ரயிலுக்குச் சாதாரண சீசன் செல்லாது, அதன் டிக்கெட் 35 ரூபாயில் தொடங்குகிறது. செயலியில் எடுக்கும் காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழைந்த பிறகு எடுக்க முடியாது, வெளியே இருக்கும்போதே எடுங்கள், இல்லை என்றால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைத் தேடி ஓட வேண்டும். கைபேசி அணைந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கையடக்க சார்ஜர் ஒன்று பையில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்று அரசு செயலி வந்திருக்கிறது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட். எங்கே மாறி ஏற வேண்டும், பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதையும் காட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

5. மாறி ஏறும் இடங்களைச் சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பாருங்கள்

அவசரமில்லாத நாளில் குடும்பத்தோடு போய் வழியைப் பழகிக்கொள்வது நல்லது. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமல் போய்விடலாம். மாமியார் துணிக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார், அந்தப் பாலம்தான் மறுபடி அழைத்துப்போனது. விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது, திரிசூலம் மின்சார ரயில் நிலையம் சாலைக்கு எதிர்ப்பக்கம். சென்ட்ரலில் மெட்ரோ, பார்க் நிலையம், மின்சார ரயில்கள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகம் மூன்றுக்கும் நடுவே எந்தப் படியில் ஏறினால் எங்கே வெளியே வருவோம் என்பதை முன்பே பார்த்துவையுங்கள், பெட்டியோடு நின்று யோசிக்கிற இடமில்லை அது.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலை நம்பி நேரம் குறிக்காதீர்கள். சேவை குறைவு, பராமரிப்புப் பணிக்காக ரத்தும் செய்வார்கள். முந்தின நாள் மாலைச் செய்தியில் பார்த்துவிடுங்கள்.

6. ஆட்டோ, இரவு, ஆஸ்பத்திரி

கார் இல்லை என்றதும் உறவினர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி, "ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் என்ன செய்வாய்?" நியாயமான கேள்வி. பதிலைப் பயம் வருவதற்கு முன்பே தயார் செய்து வைக்க வேண்டும்.

உங்கள் தெருமுனை ஸ்டாண்டில் மூன்று ஆட்டோ ஓட்டுநர்களிடம் பேசிப் பழகி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒருவராவது இரவு ஓட்டுபவராக இருக்கட்டும். மாதம் நான்கைந்து சவாரி அவர்களுக்கே கொடுங்கள், பேரம் பேசிக் கசக்காதீர்கள். 2013-ல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கி.மீ.க்கு 12, இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. இன்றைய பெட்ரோல் விலையில் அதற்கு வரச்சொல்வது நியாயமில்லை. நம்ம யாத்ரி, ஓலா, ஊபர், ராபிடோ எல்லாவற்றிலும் கணக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கு அதில் என்ன காட்டுகிறதோ அதை ஒட்டிப் பேசுங்கள். மகளுக்கு ஒரு இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தபோது எந்தச் செயலியிலும் வண்டி கிடைக்கவில்லை. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அந்த இரவு ஆட்டோ ஓட்டுநர் பத்தே நிமிடத்தில் வாசலில் வந்து நின்றார்.

நெஞ்சுவலி, மயக்கம், விபத்து என்றால் ஆட்டோவைத் தேடாதீர்கள், 108. கட்டணம் கிடையாது. கார் இருந்தாலும் அப்படிப்பட்ட நேரத்தில் நாமே ஓட்டிப்போவது சரியில்லை. வீட்டு முகவரியைப் பக்கத்துக் கோயில், பள்ளி என்று அடையாளத்தோடு ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் வழி சொல்ல வராது.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. பலத்த மழையில் செயலி ஆட்டோ இரண்டு மடங்கு கேட்கும், சுரங்கப்பாதைகள் மூடப்படும். அந்த மாலைகளில் மெட்ரோவே பெரும்பாலும் நம்பகமானது. அலுவலகத்தில் ஒரு ஜோடி செருப்பும் குடையும் எப்போதும் இருக்கட்டும்.

7. குழந்தைகளும் பெரியவர்களும்

ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் டிக்கெட் இல்லை. பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் அமைந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை, அமையாவிட்டால் பள்ளி வேன்.

அறுபது வயது கடந்த சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. பலருக்குத் தெரிவதில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பேருந்து நிலையங்களிலும் பணிமனைகளிலும் தருகிறார்கள். குடும்ப அட்டை, வயதுச் சான்று, ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு. குடும்ப அட்டையில் சென்னை முகவரி இருக்க வேண்டும். எங்கள் அட்டையில் முகவரி மாற்றாததால் மாமியாருக்கு முதல் அரையாண்டு போய்விட்டது, வீடு மாறியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பெண்களுக்குத்தான் சாதாரண பஸ் இலவசமாயிற்றே என்று கேட்கலாம். உங்கள் அப்பாவுக்கும் மாமனாருக்கும் இது பெரிய உதவி.

8. எப்போதாவது கார் வேண்டும்போது

ஓட்டுநர் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும்.

நாமே ஓட்டும் வாடகைக் காருக்கு உரிமம், ஆதார், முன்பணம் கேட்பார்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுத்தால் விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடும். எடுக்கும்போதே நான்கு பக்கமும் கீறல்களை வீடியோ எடுத்து, உரிமையாளருக்கு அங்கேயே அனுப்பிவிடுங்கள். எங்கள் முன்பணத்தில் 2,000 ரூபாய் ஒரு பழைய கீறலுக்குப் போனது, அன்றைக்கு வீடியோ இல்லை.

ஓட்டுநரோடு வெளியூர் டாக்சி என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்கு வைப்பார்கள், ஓட்டுநர் படி, சுங்கம், நிறுத்தக் கட்டணம் தனி. 120 கி.மீ. போய்வந்தாலும் 250-க்குத்தான் கொடுக்க வேண்டும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

9. ஊருக்குப் போவது

கார் இருந்தபோது வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்து இரவே கிளம்புவோம். அது இனி நடக்காது, முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் போக வேண்டும். தென்மாவட்டங்களுக்கு அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. கோயம்பேடு போய் நிற்காதீர்கள். நகருக்குள்ளிருந்து கிளாம்பாக்கம் போக ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் இரண்டரை.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்பு திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 13 இரவு பொங்கலுக்குக் கிளம்புவதாக இருந்தால் நவம்பர் 14 காலை எட்டு மணி. ஏழு ஐம்பதுக்கே உள்ளே நுழைந்து, பயணிகள் பட்டியலை முன்பே சேமித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை இடங்கள் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அதே கணக்கில் தனியாக ஒரு தேதி வரும், அதையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.